ஊழல் தடுப்பின் முதல் தலைவர் ஹாருன் ஹாஷிம்

ஐம்பது ஆண்டு காணும் நம் சங்கத்தின் மலரில், சங்கம் நடத்துகிற எவரும் மறக்க முடியாத தீர்ப்பைத் தந்த ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறோம். அவர் டான்ஸ்ரீ ஹாருன் மாஹ்முட் ஹாஷிம்.

1960களில் லஞ்ச ஒழிப்பு மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது. தடுப்பு வேலை பிரதமர் துறையில், துப்பறிவது போலீசில், வழக்கு நடத்துவது அரசாங்க வழக்கறிஞர்களிடம். ஒரு கோப்பு நடுவில் நின்றுபோனால் யாரைப் போய்க் கேட்பது? 1964இல் ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினர் டி.ஆர். சீனிவாசகம், அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது ஊழல் குற்றம் சாட்டினார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார், பதவியும் விலகினார். அதை வெளிக்கொண்டு வந்தது ஓர் எதிர்க்கட்சிக்காரரின் துணிச்சல்.

1967 அக்டோபர் 1ஆம் தேதி அந்த மூன்றும் ஒன்றாக்கப்பட்டன. அதுதான் பி.பி.ஆர். அரசாங்கச் சட்டத்துறையிலிருந்து வந்த ஹாருன் ஹாஷிம் அதன் முதல் தலைவரானார். விசாரிப்பவரும் வழக்கு நடத்துபவரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். 'கோப்பிக் காசு' கேட்கப்படும் சங்கடம் தெரிந்த வியாபாரிகளான நமக்கு இதன் அருமை புரியும். பெயர் பலமுறை மாறி, 2009 முதல் அது எஸ்.பி.ஆர்.எம்.

பின்னர் அவர் நீதிபதியானார். 1987 அம்னோ தேர்தலில் டாக்டர் மகாதீர் தெங்கு ரசாலியை 43 வாக்குகளில் வென்றார். பதிவு பெறாத கிளைகளின் பேராளர்களும் கலந்துகொண்டதால் தேர்தல் செல்லாது என்று உறுப்பினர்கள் 11 பேர் வழக்குப் போட்டனர். அவர்கள் கேட்டது மறுதேர்தல். 1988 பிப்ரவரி 4ஆம் தேதி ஹாருன் ஹாஷிம் சொன்னது வேறு: 30 கிளைகள் பதிவு பெறவில்லை, ஆகவே 1966 சங்கச் சட்டப்படி கட்சியே சட்டவிரோதம். 1946இல் நம் ஜொகூர் பாருவில் பிறந்த கட்சி, ஆளும் பிரதமரின் கட்சி! வாதிகளே இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிரதமர் புதிதாக அம்னோ பாருவைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

அதே சட்டத்தின் கீழ்தான் நம் சங்கமும் இருக்கிறது. ஆண்டறிக்கைக்கும் கணக்குக்கும் செயலாளர் விரட்டும்போது முகம் சுளிப்பவர்கள் அந்த 30 கிளைகளை நினைத்துக்கொள்ளலாம்.

2000இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் தொடங்கியபோது, ஜொகூர்க்காரரான மூசா ஹீத்தாம் தலைவர், ஹாருன் ஹாஷிம் துணைத் தலைவர். அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஒரு சட்ட மையம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.