தசைவலியும் தசைத் தேய்வும்: சிங்கப்பூரின் ஓடியாடும் முதியோர்

பழக்கமில்லாத வேலையையோ பயிற்சியையோ செய்த மறுநாள் தசைகளில் எழும் வலியைத் தாமதத் தசைவலி என்கிறது உடலியல். செய்யும்போது ஒன்றும் தெரியாது. அரை நாள் கழித்து மெல்லத் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். வயது ஏறும்போது இதோடு தசைத் தேய்வும் சேர்ந்துகொள்கிறது. அது வலிப்பதில்லை. அதனாலேயே தைலப் புட்டிக்குக் கிடைக்கும் கவனம் அதற்குக் கிடைப்பதில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இன்று 65 வயதை எட்டியவர். காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடப்பவர்களிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் கைகால் வீசுபவர்களிலும் நரைத்த தலைகளே அதிகம். வலி, தேய்வு இரண்டில் எது எது என்று பிரித்தறிய வேண்டிய கட்டாயம் அவர்களுக்குத்தான்.

வலி எங்கிருந்து வருகிறது

அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹாஃப் 1902இல் இந்த வலியைப் பற்றி எழுதியபோதே, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு லாக்டிக் அமிலத்தின்மேல்தான் பழி விழுந்தது. இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் அந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. 1983இல் வெளியான ஓர் ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்கியது. சமதளத்தில் ஓடியவர்களின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, ஆனால் அவர்களுக்கு மறுநாள் வலியில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அமிலம் ஏறவில்லை, வலி மட்டும் வந்தது.

காரணம் இறக்கத்தில் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீளும் நிலையில் பாரம் தாங்கும் தசையிழைகளில்தான் நுண்கிழிசல்கள் விழுகின்றன. அதைச் சரிசெய்ய வரும் அழற்சி நரம்பு முனைகளைத் தூண்டி வலியைக் கொடுக்கிறது. சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை மேடான புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். அதன் உச்சிக்கு மூச்சிரைக்க ஏறிவிட்டுச் சுலபமாக இறங்கியவரை, மறுநாள் காலையில் தொடையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் பக்கவாட்டாக நடக்க வைப்பது அந்தச் சுலபமான இறக்கம்தான்.

ஒருமுறை இப்படி அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தயாராகிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து அதே குன்றில் இறங்கினால் வலி பாதிகூட இருக்காது. பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்வதன் உடலியல் அடிப்படை இதுவே. தசைக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். பல மாத இடைவெளி விட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

இப்படித் தயாராகாத தசைக்குத் தைப்பூசம் நல்ல உதாரணம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவில் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். நடைப்பயிற்சிக்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் தோளிலும் இடுப்பிலும் காவடிப் பாரத்தைத் தாங்கி, வெறுங்காலோடு சாலையில் ஆடியும் குனிந்தும் நின்றும் செல்வது வேறு கணக்கு. காவடி ஏந்துபவர்கள் பல வாரம் விரதம் இருக்கிறார்கள், மனத்தைத் தயார் செய்கிறார்கள். கெண்டைக்காலையும் தோளையும் அப்படித் தயார் செய்பவர்கள் குறைவு. நாற்பதைத் தாண்டியவர் அந்தச் சில வாரங்களில் முதுகுப் பையில் எடையேற்றி நடந்து, வாரந்தோறும் எடையைக் கொஞ்சம் கூட்டிவந்தால் பூசத்துக்கு மறுநாள் நொண்டும் நிலை பெரிதும் குறையும்.

வயது செய்யும் வேலை

தசையின் அளவு முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. வயது காரணமான இந்தத் தேய்வுக்கு இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1980களின் இறுதியில் சார்கோபீனியா என்று பெயரிட்டார். அதுவரை அதற்கென்று தனிப் பெயரே இல்லை. முதுமை என்றால் அப்படித்தான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

எல்லாத் தசையிழைகளும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. நிதானமாக நடக்க உதவும் மெதுவிழைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. தடுக்கி விழப் போகும்போது சட்டென்று காலை முன்வைத்துச் சமாளிக்க உதவும் வேகவிழைகள் முதலில் சுருங்குகின்றன. ஆகவே, நாள்தோறும் பத்தாயிரம் அடி நடக்கும் முதியவரும் குளியலறையில் வழுக்கும்போது தன்னைப் பிடித்து நிறுத்த முடியாமல் போகலாம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தொடங்கிய ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ நாட்டையே காலடிகளை எண்ண வைத்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் நடை மட்டும் வேகவிழைகளைக் காக்காது, அவற்றுக்கு எடை தேவை.

யீஷூன் வட்டாரத்தில் நடந்த ஆய்வொன்றில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தசைத் தேய்வு இருப்பது தெரியவந்தது. இதை அளக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஆசியர்களுக்கென ஒரு நிபுணர் குழு 2019இல் திருத்தி வெளியிட்ட அளவுகோலில் ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதுமான சோதனை ஒன்று உண்டு. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. என்பதற்குக் கீழே இருந்தாலும் கவனிக்க வேண்டும். கைப்பிடி வலிமைக்கான எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. இந்திய வம்சாவளியினர் கூடுதலாக எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஒல்லியாகத் தோன்றும் உடலிலும் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும் போக்கை அவர்களிடம் ஆய்வாளர்கள் பல காலமாகச் சுட்டிவருகிறார்கள்.

வயதானால் தசைவலி கூடும் என்ற பொது நம்பிக்கைக்கு ஆய்வுகளில் அவ்வளவு ஆதரவு இல்லை. ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் கசுனோரி நொசாகாவும் உடன் ஆய்வாளர்களும் இளைஞர்களையும் முதியவர்களையும் ஒரே வகைக் கைப்பயிற்சியைச் செய்யவைத்து ஒப்பிட்டார்கள். முதியவர்கள் சொன்ன வலி இளைஞர்களுடையதைவிடக் குறைவு. வலி குறைவு என்பதால் தசை தேறிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது என்பதே இதில் கவனிக்க வேண்டிய சங்கதி. மூத்த விளையாட்டாளருக்கு இரண்டு கடினமான பயிற்சிகளுக்கு நடுவே இளமையில் ஒரு நாள் போதுமாக இருந்திருக்கும், இப்போது இரண்டு மூன்று நாள் தேவைப்படலாம்.

தேய்ந்தது திரும்புமா? 1990இல் பாஸ்டனின் முதியோர் இல்லமொன்றில் மரியா ஃபியாடரோன் குழுவினர் 90 வயதை ஒட்டிய, நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தனர். கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் முதியவர்களிடம் எடையைக் கொடுக்க அஞ்சிய மருத்துவ உலகின் எண்ணத்தை அது மாற்றியது.

தடத்தை விடாதவர்கள்

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு திடல் மனிதர்களின் விளையாட்டுக்கு வந்தது. சிங்கப்பூரின் தடகள வரலாற்றில் இந்தியப் பெயர்கள் ஏராளம். சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2001இல் யு. கே. ஷியாம் 10.37 வினாடியில் முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. கே. ஜெயமணி 1977 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1,500, 3,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்று, 1983இல் சொந்த மண்ணில் மாரத்தானிலும் வென்றார்.

இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானவர் குளோரி பர்னபாஸ். ஆசிரியையாக இருந்த அவர் 1973இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கத்தை மயிரிழையில் வென்றார். அத்துடன் காலணியைக் கழற்றிவிடவில்லை. மூத்தோர் தடகளத்தில் பல பத்தாண்டுகள் ஓடினார், அதன் சிங்கப்பூர் அமைப்புக்குத் தலைமையும் ஏற்றார். மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாகப் போகிறது. எழுபது வயதுக்காரர் எழுபது வயதுக்காரரோடுதான் ஓடுவார். ஆசிய மூத்தோர் போட்டிகள் 2016இல் சிங்கப்பூரில் நடந்தன. இந்த உலகின் எல்லை எதுவரை என்பதற்குக் கனடாவின் எட் விட்லாக் சாட்சி. 2004இல், தம் 73ஆம் வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடி முடித்தார்.

தைலம், எண்ணெய், ஐஸ்

சிங்கப்பூர் தசைவலித் தைலங்களின் ஊர். ஆவ் சகோதரர்கள் ரங்கூனிலிருந்து 1926இல் டைகர் பாமை இங்கே கொண்டுவந்தார்கள். 1928இல் பிறந்த கோடாலித் தைலம் உள்ளூர்ச் சரக்கு. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவரின் பெட்டியைத் திறந்தால் முதலில் தேடப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. முஸ்தஃபா கடையில் அதை டஜன் கணக்கில் வாங்குவோரை இன்றும் பார்க்கலாம். ஊரில் ஏற்கெனவே 1893இல் தோன்றிய அமிர்தாஞ்சன் இருந்தது என்பது வேறு விஷயம்.

இந்தத் தைலங்கள் தசையைக் குணப்படுத்துவதில்லை. மெந்தால் தோலில் குளிரை உணரும் நரம்பு வாங்கியையும், கற்பூரம் சூட்டை உணரும் வாங்கியையும் தூண்டுகின்றன. அந்த உணர்வின் ஆரவாரத்தில் ஆழத்து வலி அமுங்கிப்போகிறது. இத்தகைய வெப்ப வாங்கிகளையும் தொடுவுணர்வு வாங்கிகளையும் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021 மருத்துவ நோபல் கிடைத்தது. தைலம் தேய்த்தவர் சொன்ன சுகம் பொய்யல்ல என்று சொல்லலாம். ஒரு முக்கிய எச்சரிக்கை: பல தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை அள்ளிப் பூசினால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது, ஒத்தடம், மலாய்க்காரர்களின் உருட், சீனரின் துய்நா ஆகிய பிடித்துவிடும் முறைகள், சிராங்கூன் சாலைப் பக்கத்து ஆயுர்வேத நிலையங்களின் எண்ணெய்த் தடவல் எல்லாமே வலியைச் சற்றுத் தணிக்கும். ஐஸ் தொட்டிக்குத்தான் இப்போது மவுசு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், எடைப் பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் குளிர்நீரில் அமர்ந்தவர்களுக்கு மூன்று மாதத்தில் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது. தசையைச் சேர்க்கப் போராடும் அறுபது வயதுக்காரருக்கு இது நட்டக் கணக்கு.

தட்டில் இருப்பது

மூத்தோர் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் சாப்பிட வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். காலையில் சாம்பாரோடு இரண்டு இட்லி என்றால் ஆறேழு கிராம் தேறினால் பெரிது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் கரண்டியால் ஒருமுறை துழாவிப் பார்ப்பது நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம், அதே அளவு டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியில் கிட்டத்தட்ட அவ்வளவே. சைவர்களுக்கு டெம்பேயும் டோஃபூவும் தேக்கா சந்தையிலேயே கிடைக்கும் நல்ல சரக்கு. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இடங்களுக்குப் பஞ்சமில்லை. லியன் அறக்கட்டளை 2015 வாக்கில் தொடங்கிய ‘ஜிம் டோனிக்’ திட்டம், காற்றழுத்தத்தால் இயங்கும் பின்லாந்து இயந்திரங்களை முதியோர் நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. இரும்புத் தட்டுகளின் இடி இல்லாமல் மூட்டுக்கு இதமாக எடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். கருவி கிடைக்காதவர்கள் வீட்டிலேயே நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதை எட்டெட்டாக மூன்று முறை செய்யலாம். உட்காரும் பாதியை மூன்று வினாடி இழுத்தால் வலிமை வேகமாகக் கூடும், முதல் வாரம் தொடையில் கொஞ்சம் கடுக்கும்.

எப்போது மருத்துவரிடம்

சாதாரணத் தசைவலி இரண்டு பக்கமும் வரும், அழுத்தினால் தெரியும், நாளுக்கு நாள் குறையும். மூட்டுக்குள் குத்துவதும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாவதும் வேறு வகை. பின்னது ரத்த நாளத்தில் உறைவாக இருக்கலாம். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் மறைவது தமனி அடைப்பின் அடையாளம். நீரிழிவு அதிகமுள்ள சிங்கப்பூர் இந்தியரிடம் இதை வெறும் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடக்கூடாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காரணமின்றி உடல் முழுக்க வலித்தால், மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் பலதுறை மருந்தகத்தில் சொல்ல வேண்டும்.

அவசரமானது ஒன்று உண்டு. நெடுநாள் இடைவெளிக்குப் பின் ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால், குறிப்பாகச் சுழல் சைக்கிள் வகுப்புகளில், தசையிழைகள் கூட்டமாகச் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். சிங்கப்பூர் மருத்துவமனைகள் இத்தகைய நோயாளிகளைப் பார்த்திருக்கின்றன. இங்குள்ள புழுக்கமும், வயதால் குறைந்த தாகவுணர்வும், விழுங்கிய வலிநிவாரண மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அபாயம் இன்னும் கூடும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.