2004 மக்களவைத் தேர்தலும் தொலைக்காட்சிக் கணிப்புகளும்

2003 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் பாரதிய ஜனதா கட்சி வென்றதும், மக்களவைத் தேர்தல் முன்கூட்டியே வரும் என்ற ஊகம் வலுத்தது. 13ஆவது மக்களவையின் பதவிக்காலம் 2004 அக்டோபர் வரை இருந்தது. எனினும் வாஜ்பாய் அரசின் பரிந்துரைப்படி 2004 பிப்ரவரி 6 அன்று அவை கலைக்கப்பட்டது.

ஏப்ரல் 20 முதல் மே 10 வரை பல கட்டங்களாக வாக்குப்பதிவு நடைபெற்றது. ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன், வாக்களித்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளைச் செய்தித் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. இதனால் பின்வந்த கட்டங்களின் வாக்காளர்கள், யார் முந்துகிறார் என்ற கணிப்பைக் கேட்ட பின்னரே வாக்களிக்கும் நிலை இருந்தது. இறுதிக் கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணியே முன்னிலை பெறும் என்றன.

மே 13 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது காங்கிரஸ் 145 இடங்களையும் பா.ஜ.க. 138 இடங்களையும் பெற்றன. தமிழ்நாட்டில் ஆளுங்கூட்டணிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. மூன்று மாநில வெற்றியை நாடு முழுமைக்கும் பொருத்திப் பார்த்த கணக்கும், தொலைக்காட்சிகளின் கணக்கும் ஒருசேரப் பொய்த்தன. மன்மோகன் சிங் பிரதமரானார்.

பின்னர் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126அ பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியது முதல், கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை இத்தகைய கணிப்புகளை வெளியிட இப்பிரிவு தடை விதிக்கிறது.