பச்சைத் தாளில் மிஞ்சிய எண்கள்

ஒரு வரைபடம்தான் என்னை இந்தத் தேடலுக்குள் இழுத்தது. குவார்க்குகளைப் பிணைத்து வைத்திருக்கும் வலுவிசை, மோதலின் ஆற்றல் கூடக்கூட எப்படித் தளர்கிறது என்று காட்டும் படம். வலப்பக்கப் புள்ளிகள் ஜெனீவாவின் லெப் முடுக்கியில் எடுத்தவை; 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும். இடப்பக்கம் 35-லும் 44-லும் இரண்டு புள்ளிகள், அருகில் ‘ஜேட்’ என்ற பெயர். படம் இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரை வெளியான ஆண்டு 1998. ஜேட் கருவி இருந்த ஹாம்பர்க்கின் பெட்ரா முடுக்கியிலோ 1986-லேயே மோதல்கள் நின்றுவிட்டன. பிறகு இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன?

பழைய முடிவுகளை எடுத்து ஒட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எண்பதுகளின் கட்டுரைகளோடு ஒப்பிட்டதும் அந்த எண்ணம் விழுந்தது. கணக்குமுறையே வேறு. லெப் காலத்தில் கோட்பாட்டாளர்கள் செம்மைப்படுத்திய சூத்திரங்கள் இதில் இருந்தன. அப்படியானால் யாரோ மூலத் தரவையே மறுபடி திறந்திருக்கிறார்கள்.

அந்தத் தரவின் மதிப்பு தெரிய 1979-க்குப் போக வேண்டும். பெட்ரா 2.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் நேருக்கு நேர் மோதி அழியும். ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறக்கும். அவை தனியாக வெளியே வருவதில்லை. எதிரெதிர்த் திசையில் இரண்டு துகள் தாரைகளாகத்தான் கருவிக்குத் தெரியும். சில மோதல்களில் மட்டும் மூன்று தாரைகள். பறக்கும் குவார்க், வலுவிசையைச் சுமக்கும் துகளான குளுவான் ஒன்றை உதிர்த்த தடயம் அது. மூன்றும் சம இடைவெளியில் விரிந்த நிகழ்வுகள் பென்ஸ் காரின் முத்திரை போலவே இருக்கும். குளுவான் இருக்கிறது என்பதை உலகம் கண்ணால் கண்டது இப்படித்தான். மூன்றாவது தாரை எவ்வளவு அடிக்கடி வருகிறதோ, வலுவிசை அந்த அளவுக்கு வலியது.

லெப் உயர்ந்த ஆற்றலை அளந்தது. விசை தளர்வதை ஒரே கணக்குமுறையில் காட்டத் தாழ்ந்த ஆற்றலிலும் புள்ளிகள் வேண்டும். அதற்காகப் புது முடுக்கி கட்ட யார் பணம் தருவார்கள்?

தடயம் சீக்ஃப்ரீட் பெத்கேயிடம் போய் நின்றது. இளம் வயதில் ஜேட் குழுவில் உழைத்தவர். தொண்ணூறுகளில் ஆகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரும் மாணவர்களும் பழைய காந்த நாடாக்களின் தரவை மீட்க இறங்கினார்கள். பெட்ரா இருந்த டெய்ஸி ஆய்வகத்தில் யான் ஓல்சன் பழைய நிரல்களோடு மல்லுக்கட்டினார். அவை ஐபிஎம் பெருங்கணினிக்காக எழுதியவை. ஃபோர்ட்ரான் மொழி பாதி, யாரும் பேசாத ஷெல்ட்ரானும் மார்ட்ரானும் மீதி. தரவு கையில் இருந்தும் அதைப் படிக்கும் நிரல் ஓடாவிட்டால் நாடாவில் இருப்பது வெறும் காந்தத் துகள்தான். இந்தத் தேடலில் என் மனத்தை மிகவும் உறுத்தியது இதுதான்.

இன்னோர் இழப்பும் நேர்ந்திருந்தது. கற்றைகள் எவ்வளவு செறிவாக மோதின என்ற அளவை, அதாவது லூமினாசிட்டியை, ஓட்டம் ஓட்டமாகப் பதிந்த கோப்பு கணினியில் எங்குமே இல்லை. நாடாவில் உள்ள நிகழ்வுகளின் எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க அது வேண்டும். நாடாவில் தேடியவர்களுக்கு அது கிடைத்தது காகிதத்தில்: பச்சை நிறத் தாளில் அச்சிட்ட பழைய பிரதி, பக்கம் பக்கமாக எண்கள் மட்டும். அலுவலகச் செயலர் ஒருவர் உட்கார்ந்து, வாரக்கணக்கில் ஒவ்வொரு எண்ணாகத் திரும்பத் தட்டச்சு செய்தார்.

மீட்ட தரவைப் புதிய சூத்திரங்களால் கணக்கிட்டபோது, 35-இல் வலுவிசையின் அளவு ஏறக்குறைய 0.14 என்று வந்தது. 91-இல் அது 0.12. டேவிட் கிராஸ், டேவிட் பொலிட்சர், ஃபிராங்க் வில்செக் மூவரும் 1973-இல் கணக்கிட்டுச் சொன்ன அதே சரிவு. 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தச் சரிவுக்குச் சான்றாக நின்ற அளவீடுகளில் ஜேட்டின் புள்ளிகளும் இருந்தன.