தமிழகத்தில் மடிக்கணினியும் லினக்ஸ் வழங்கல் தேர்வும்

லினக்ஸ் என்பது ஒரே ஓர் இயங்குதளத்தின் பெயரன்று. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கர்னல் எனப்படும் கருநிரலுடன் பிற மென்பொருள்களையும் சேர்த்து உருவாக்கும் ஒவ்வொரு தொகுப்பும் 'வழங்கல்' எனப்படுகிறது. ஸ்லாக்வேர், டெபியன் ஆகியவை 1993-இலும், உபுண்டு 2004-இலும் வெளிவந்தன. வழங்கல்கள் பெருகியதால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழுந்தது. தமிழக மாணவர்கள் பலருக்கு இக்கேள்விக்கான முதல் விடையை அரசே அளித்தது.

அரசின் தேர்வு

2007-ஆம் ஆண்டளவில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டு சனவரியில், டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸை மத்திய அரசின் சி-டாக் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது அதன் நோக்கம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-இல் முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது.

விலையில்லா மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களின் மாணவர்களுக்காக எல்காட் மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. அன்று திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் உள்ள சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி நகரங்களில், பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அதில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. கணினியை இயக்கும்போது ஏதேனும் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் மடிக்கணினியில் இருந்த லினக்ஸும் பாடநூலில் இருந்த லினக்ஸும் ஒன்றாக அமையவில்லை. 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் விண்டோஸுடன் உபுண்டுவைக் கற்பித்தது. எனினும் பாஸ், உபுண்டு இரண்டும் டெபியன் வழிவந்தவை. மென்பொருள் நிறுவும் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றே என்பதால், ஒன்றில் கற்றது மற்றொன்றிலும் பயன்படும்.

தேர்வு பயனர் கைக்கு வருதல்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியை இணையத்தில் பயன்படுத்துவது ஆபத்து. புதிய கணினி வாங்குவதோ பல குடும்பங்களுக்கு எளிதன்று. இந்நிலையில் பழைய மடிக்கணினிக்கு ஏற்ற வழங்கலைப் பயனரே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

இதில் முதலில் பார்க்க வேண்டியது நினைவகம். லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி தேவை. 4 ஜிபி பரிந்துரைக்கப்படுகிறது. அதைவிட எளிய கணினிக்கு லுபுண்டு போன்ற இலகுவான வழங்கல்கள் பொருந்தும். அடுத்து, புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டுகள் இலவசப் புதுப்பிப்பு உண்டு. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையையும் இவ்வழங்கல்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான வழங்கல்களை யுஎஸ்பி நினைவகத்திலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, தமிழ் எழுத்துரு ஆகியவை சரியாக இயங்குவதை உறுதிசெய்து, கோப்புகளை நகலெடுத்து வைத்த பின் நிறுவுவதே பாதுகாப்பானது.