கூம்: தோற்றவர் தந்த சொல்

வென்றவன் எழுதும் வரலாற்றில் தோற்றவனுக்கு இடமில்லை என்பார்கள். உண்டு! பிணமாக மட்டும் இடம் உண்டு.

ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு என்று ஓர் ஏடு இருக்கிறது. இங்கிலாந்தின் தொன்மையைப் பேசுவோர் அனைவரும் முதலில் புரட்டுவது அதைத்தான். வெசெக்ஸ் மன்னன் ஆல்பிரட்டின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்டது. அதில் 491ஆம் ஆண்டுக்கு உரியதாக ஒரு குறிப்பு. கடல் கடந்து வந்த எல்லி என்ற தலைவனும் சிஸ்ஸா என்பானும் இங்கிலாந்தின் தென்கரையில் இருந்த ஆண்டெரிடா கோட்டையை முற்றுகையிட்டார்களாம். உள்ளே இருந்தோர் அனைவரையும் வெட்டி வீழ்த்தினார்களாம். அந்நாட்டுப் பழங்குடிகளாகிய பிரித்தானியருள் ஒருவர்கூட மிச்சமில்லையாம். நடந்ததாகச் சொல்லப்படுவது ஐந்தாம் நூற்றாண்டில். எழுதியது ஒன்பதாம் நூற்றாண்டில். நானூறு ஆண்டு கழித்துப் பிணங்களை எண்ணிய அந்தக் கணக்கனின் திறமையே திறமை!

அந்தக் கோட்டை இருந்த இடம் இன்றைய பெவன்சி. அங்கிருந்து கரையோரமாக மேற்கே சென்றால் டெல்ஸ்கூம் என்றோர் ஊர் வரும். இன்னும் சென்றால் பிரைட்டன் நகரில் மோல்ஸ்கூம் என்றொரு பகுதி. இரண்டின் வாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கூம்’ என்ன சொல்? பள்ளத்தாக்கு என்பது பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘கும்ப்’. அதை ஆங்கிலேயர் தம்மோடு கப்பலில் கொண்டுவரவில்லை. அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பிரித்தானியரின் சொல் அது. அவர்களுடைய வழித்தோன்றல்களாகிய வேல்ஸ் நாட்டு மக்கள் இன்றும் பள்ளத்தாக்கைக் ‘கும்’ என்றே அழைக்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: எல்லாரையும் கொன்றுவிட்டால் இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? பிணம் பேசுமோ?

சொல்லின் பொருளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்குக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ‘டெனு’ இருந்தது; ‘டேல்’ என்று இன்று வழங்குவதன் மூலச்சொல் இருந்தது; ‘ஸ்லேட்’ இருந்தது. இத்தனை இருக்க, தோற்றவனிடம் ஒரு சொல்லை ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல விடை கண்டவர் மார்கரெட் கெல்லிங் என்ற அம்மையார். ஊர்ப்பெயர்களை அகராதியில் மட்டும் தேடாமல், அந்தந்த ஊரின் நில அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். 1984இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் போக்கையே திருப்பியது. டெனு என்பது நீண்டு, ஒடுங்கி, வளைந்து செல்லும் பள்ளத்தாக்கு. கூம் அப்படியன்று. குறுகிய நீளம், அகன்ற வாய், மூன்று பக்கமும் சரிந்தேறும் மேடு, ஒரு பக்கம் திறப்பு. மலையின் விலாவில் யாரோ பெரியதொரு கிண்ணத்தை வைத்து அழுத்தி எடுத்தது போன்ற பள்ளம். ஒரு குடும்பமோ சில குடும்பங்களோ காற்றுக்கு ஒதுங்கி, வீடு கட்டி, ஆடு மாடு வளர்த்து வாழத் தக்க இடம்.

இந்த வேறுபாடு அரசவைப் புலவனுக்குத் தேவைப்படுவதில்லை. உழுபவனுக்கும் மேய்ப்பவனுக்கும் தேவைப்படும். கூம் என்ற சொல் பழங்காலத்தில் மிகுதியாகக் காணப்படுவதும் காவியங்களில் அன்று. நிலக்கொடைச் சாசனங்களில், எல்லை குறிக்கும் வரிகளில். இந்த ஓடையிலிருந்து அந்தக் கூம் வரை, அங்கிருந்து அந்த மரம் வரை என்று நடந்து காட்டும் வரிகள் அவை. எல்லையை நடந்து காட்டுபவன் யார்? அந்த மண்ணை அறிந்த குடியானவன். சொல் மாறியதும் அங்கேதான். அரண்மனையில் அன்று, வயல் வரப்பில்.

ஒரு மறுப்பு உண்டு; அதை மறைப்பது பகுத்தறிவுக்கு அழகன்று. பழைய ஆங்கிலத்தில் ‘கும்ப்’ என்றால் கலம், பாத்திரம் என்றும் பொருள். நான்கு புஷல் தானியம் கொண்ட அளவைக்குக் ‘கூம்’ என்றே ஆங்கில உழவர்கள் பெயர் வைத்திருந்தனர். கிண்ணத்தின் பெயரே கிண்ணம் போன்ற பள்ளத்துக்கு ஆகிவந்தது, எவனிடமும் கடன் வாங்கவில்லை என்று வாதிடலாம் அல்லவா? வாதிட்டும் இருக்கிறார்கள். ஆனால் கடலுக்கு அப்பால் பிரான்சைப் பாருங்கள். அங்கும் ‘கோம்ப்’ என்றால் இத்தகைய பள்ளம்தான். ஆங்கிலேயர் குடியேறாத ழூரா மலைப்பகுதியில் அந்தச் சொல் எப்படி வந்தது? பிரித்தானியரின் உறவினரான கால் நாட்டு மக்கள் விட்டுச்சென்றது அது. பிரெத்தோன் மொழியிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. ஆங்கிலேயரின் கலச்சொல், கேட்ட புதுச்சொல் காதில் ஒட்டிக்கொள்ளத் துணை செய்திருக்கலாம். அவ்வளவே.

ஊர்ப்பெயர்களில் கூம் எங்கே செறிந்திருக்கிறது? டெவன், சாமர்செட், டார்செட், வில்ட்ஷயர் ஆகிய தென்மேற்கு மாவட்டங்களில். கிழக்கே போகப்போக அருகிவிடும். கிழக்கில் பெரும்பகுதி தட்டை நிலம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அனைத்தையும் படையெடுப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. டெவனில் இல்ஃப்ரகூம் என்ற கடற்கரை ஊர். முதற்பாதி ஆல்பிரட் என்ற பெயரின் ஒரு வடிவம். அதாவது, வந்தவனின் பெயர். பிற்பாதி இருந்தவனின் சொல். உடைமையாளன் மாறினான், உடைமையின் பெயர் மாறவில்லை! ஆனால் கூம் என்று கேட்கும் இடமெல்லாம் கூம் இல்லை. கென்ட் மாவட்டத்து ஸ்வான்ஸ்கூமில் ஒளிந்திருப்பது ‘காம்ப்’ என்ற வேறொரு சொல். கம்பர்லாந்தும் பள்ளத்தாக்கு நாடு அன்று. அதன் கதை வேறு, பின்னே வருகிறது. சொல்லாராய்ச்சியில் காது நம்பத்தக்க சாட்சி ஆகாது.

சொல் ஒரு சாட்சி. சட்டம் மற்றொரு சாட்சி. 688 முதல் 726 வரை வெசெக்சை ஆண்ட மன்னன் ஐனி ஒரு சட்டத் தொகுப்பு வெளியிட்டான். கொலையுண்டவனின் குடும்பத்துக்குக் கொலைகாரன் செலுத்த வேண்டிய உயிர்விலை அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலேய உழவனின் உயிர் 200 ஷில்லிங். ஒரு ஹைடு, அதாவது ஒரு குடும்பம் பிழைக்கும் அளவு நிலம் வைத்திருந்தாலும் பிரித்தானியனின் உயிர் 120 ஷில்லிங். நிலமற்ற பிரித்தானியன் என்றால் 60! ஆங்கிலேயப் பிரபுவுக்கு 1200 ஷில்லிங். ஐந்து ஹைடு நிலமுள்ள பிரித்தானியனுக்கு அதில் பாதி. பிறப்பைக் கொண்டு உயிருக்கு விலை வைக்கும் கொடுமை எந்த நாட்டுக்கும் தனியுரிமை அன்று.

இந்தச் சட்டத்தைப் பாதுகாத்துத் தந்தது எது? அதே ஆல்பிரட்டின் சட்ட ஏடு. ஒரு மன்னனின் காலத்திலேயே ஓர் ஏடு பிரித்தானியர் ஒருவரும் மிச்சமில்லை என்கிறது; மற்றோர் ஏடு அவர்களுடைய உயிருக்கு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. அது சசெக்ஸ், இது வெசெக்ஸ் என்று வழக்காடலாம். வழக்காடட்டும். இல்லாதவனுக்கு எவனும் விலை குறிப்பதில்லை.

ஆங்கிலத்தில் பிரித்தானியர் தந்த பொதுச் சொற்கள் மிகமிகச் சில. வளைக்கரடியைக் குறிக்கும் ‘பிராக்’, பாறைக் குன்றைக் குறிக்கும் ‘டார்’, நம்முடைய கூம், இன்னும் ஒரு சில. இந்தக் குறைவையே ஆதாரமாகக் காட்டி, பழங்குடிகள் அடியோடு அழிக்கப்பட்டனர் என்று எழுதிய அறிஞர்கள் உண்டு. சொற்கள் குறைந்ததற்குச் சாவு காரணமாகத்தான் இருக்க வேண்டுமா? இழிவும் காரணமாக இருக்கலாமே! அடிமையின் மொழியை ஆண்டான் கற்பதில்லை. ஆண்டானின் மொழியை அடிமை கற்கிறான்; தன் பிள்ளைக்கும் கற்பிக்கிறான்; இரண்டு மூன்று தலைமுறையில் தானும் ஆங்கிலேயன் என்கிறான். மண்ணைப் பற்றிய சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடுகிறது. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு, இடைக்காலத் தொடக்கத்தில் கிழக்கு இங்கிலாந்தில் புதைக்கப்பட்டோரின் மரபில் நூற்றுக்கு 76 பங்கு வரை கடல் கடந்து வந்தது என்று கண்டது. ஆகவே வந்தவர் சிலரே என்பதும் பொருந்தாது. ஆனால் அந்த ஆய்வே இரு மரபினரும் ஒரே இடுகாட்டில் புதைக்கப்பட்டதையும், மணவுறவால் கலந்ததையும் காட்டுகிறது. பெருங்கூட்டம் வந்தது, இருந்தவர் அனைவரும் சாகவில்லை.

இருந்தவர்களுக்கு வந்தவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘வெயல்ஹ்’. அந்நியன் என்று பொருள்! ஆயிரம் ஆண்டாக அங்கே உழுதவன் அந்நியன். நேற்றுக் கரையேறியவன் மண்ணின் மைந்தன். நாளடைவில் அச்சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் ஏறியது. வேல்ஸ் என்ற நாட்டுப் பெயர் அதிலிருந்தே வந்தது. அம்மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரோ ‘கம்ரி’. ஒரே நாட்டினர் என்று பொருள். கம்பர்லாந்து அந்தக் கம்ரியின் நாடு.

நாம் பள்ளியில் பாடம் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஆகவே அடுத்த செய்தி நெஞ்சில் தைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். ‘வெல்ஷ் நாட்’ என்பது அதன் பெயர். வேறொரு பிள்ளை தாய்மொழியில் வாய் திறந்தால் மரத்துண்டு அங்கே மாறும். மாலையில் எவன் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்கு அடி. தோழனைத் தோழன் காட்டிக்கொடுக்கும் கல்வி! அரசு சட்டம் போட்டுச் செய்ததன்று; ஆசிரியர்களே செய்தார்கள். பிழைக்க ஆங்கிலம் வேண்டுமே என்று பெற்றோர் சிலரும் இசைந்தார்கள். 1847இல் வேல்ஸ் கல்வி நிலையைப் பற்றி அறிக்கை தந்த ஆணையர் மூவருக்கும் அம்மக்களின் மொழி தெரியாது. தெரியாத மொழியை முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாணவன் ‘கும்’ என்றால் பிரம்படி. மலையேறும் கனவான் சொன்னால்? 1921இல் எவரெஸ்ட் மலையை ஆராயச் சென்ற ஜார்ஜ் மல்லோரி, சிகரத்தின் மேற்கே பனிநிறைந்த பெரும்பள்ளத்தைக் கண்டார். வேல்ஸ் மலைகளில் ஏறிப் பழகிய அவர் அதற்கு ‘வெஸ்டர்ன் கும்’ என்று பெயரிட்டார். 1953இல் டென்சிங்கும் ஹில்லாரியும் அதன் வழியாகவே உச்சிக்கு ஏறினார்கள். பனிப்பாறை குடைந்த மலைக்குழியைக் குறிக்கும் நிலவியல் சொல்லாகவும் ‘கும்’ ஏற்கப்பட்டிருக்கிறது. சொல் உலகின் உச்சிப் பள்ளம் வரை சென்றது.

அந்தச் சொல்லுக்கு உரிய மக்கள் சொந்தப் பள்ளத்தாக்கில் இருக்க முடிந்ததா? வேல்சின் வடபகுதியில் டிரவெரின் பள்ளத்தாக்கு. அதில் காப்பெல் கெலின் என்ற சிற்றூர். தாய்மொழியிலேயே முழு வாழ்க்கையும் நடத்திய ஊர். லிவர்பூல் நகராட்சி தண்ணீருக்காக அங்கே அணை கட்ட விரும்பியது. 1957இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது. வேல்சின் உறுப்பினர் 36 பேரில் ஒருவரும் ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் சட்டம் நிறைவேறியது. எண்ணிக்கை அந்தப் பக்கம்! 1965இல் ஊர் மூழ்கியது. பள்ளிக்கூடம், அஞ்சலகம், வழிபாட்டுக்கூடம், பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும் நீருக்கு அடியில் போயின. ஊரார் 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். டிரவெரினை மறவாதே என்று பாதையோரச் சுவரொன்றில் யாரோ தீட்டிய எழுத்துகளைப் பலமுறை சிதைத்தார்கள். பலமுறை மீண்டும் எழுதினார்கள்.

மொழிக்குச் சட்டம் 1967இல் வந்தது. 2011இல் அது வேல்சில் ஆட்சிமொழி நிலை பெற்றது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அம்மொழி பேசத் தெரிந்தோர் 5,38,000 பேர், நூற்றுக்குப் பதினெட்டுக்கும் சற்றுக் குறைவு. லிவர்பூல் நகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது. அணை இருக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் நீர் வற்றும்போது, காப்பெல் கெலினின் பழைய சுவரடிகள் வெளியே தெரிகின்றன. மக்கள் சென்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.