பனிமனிதனும் பனங்கிழங்கும்

போன மார்கழியில் நாலு நாள் லீவு போட்டுட்டு வள்ளியூர் போயிருந்தேன். அக்கா மகளுக்கு 4 வயசு. "மாண்டிசோரி"ன்னு போர்டு வச்ச ஒரு பள்ளிக்கூடத்துல எல்.கே.ஜி. பையைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினா. பஞ்சு ஒட்டின பனிமனிதன். தலையில தொப்பி, கழுத்துல சிவப்புத் துண்டு. விண்டர் சீசன் ஆக்டிவிட்டியாம்.

"நல்லாருக்கே, நீயா ஒட்டுனே?"

"இல்ல மாமா, மிஸ் ஒட்டுனாங்க. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வள்ளியூர்ல பனின்னா விடியக்காலைல புல்லு நுனியில நிக்குமே, அவ்வளவுதான். பனிமனிதனைக் கூட மன்னிச்சு விட்டுடலாம். "பாத்துக்கிட்டு இருந்தேன்"தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அந்த மாண்டிசோரி அம்மா இதைக் கேட்டா என்ன சொல்லியிருப்பாங்க? தேடிப் படிச்சதில் கிடைச்சதைத்தான் இங்க எழுதறேன்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் பிறந்தவர். படிச்சது டாக்டருக்கு. 1907 ஜனவரி 6, நல்ல குளிர்காலத்தில், ரோம் நகரத்து சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் "குழந்தைகள் வீட்டை"த் திறந்தார். வசதியானவங்க தெரு இல்லை. கூலி வேலைக்குப் போறவங்க குடியிருந்த அடுக்குமாடி வீடுகள். அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளைங்க படிக்கட்டையும் சுவரையும் பாழாக்குதுன்னு கட்டட நிர்வாகத்துக்குக் கவலை. யாராவது இதுகளைக் கட்டி மேய்ச்சா போதும்னு அவரைக் கூப்பிட்டாங்க. இன்னிக்கு மாண்டிசோரி ஸ்கூல் ஃபீஸைக் கேட்டு வாயைப் பிளக்கற நமக்கு இந்த ஆரம்பம் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

அங்க நடந்த ஒரு சம்பவத்தை அவரே எழுதியிருக்கார். ஒருநாள் பிள்ளைங்களுக்கு மூக்குச் சிந்தக் கத்துக்கொடுத்தார். கைக்குட்டையை எப்படி எடுக்கணும், பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாம, சத்தம் வராம எப்படித் துடைக்கணும்னு நிதானமா செஞ்சு காட்டினார். பிள்ளைங்க சிரிக்கும்னு பார்த்தா, ஒண்ணுகூடச் சிரிக்கலை. கண்கொட்டாமல் பார்த்துட்டு, முடிஞ்சதும் கைதட்டி ஆரவாரம் பண்ணுச்சுங்க! அவருக்கு அப்புறம்தான் புரிஞ்சது. மூக்கு ஒழுகுதுன்னு அதுகளைத் திட்டாத ஆள் கிடையாது. எப்படித் துடைக்கணும்னு மரியாதையா சொல்லிக்கொடுத்த ஆளும் அதுவரைக்கும் கிடையாது.

அவரோட முறையில் "அன்றாட வாழ்க்கைப் பயிற்சி"ன்னு ஒரு பகுதி இருக்கு. தண்ணி ஊத்துறது, மேஜை துடைக்கிறது, சட்டை மாட்டுறது. பட்டன் போடப் பழக ஒரு மரச்சட்டம், அதுல ரெண்டு துணி. பெரிய பட்டனுக்கு ஒண்ணு, கொக்கிக்கு ஒண்ணு, நாடா முடிச்சுக்கு ஒண்ணு. ஒரு நேரத்துல ஒரே ஒரு கஷ்டம்தான். நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு வேலைதான்னு அடிச்சுக்குவோமே, அதே கதை. பட்டன் மாறிப்போனா கடைசியில ஒண்ணு அநாதையா மிஞ்சும். டீச்சர் தலையில குட்ட வேண்டியதில்லை, கம்பைலர் எர்ரர் மாதிரி சட்டமே காட்டிக் கொடுத்துடும்.

இதெல்லாம் ரோமாபுரிக் கதை, நமக்கென்னன்னு கேக்காதீங்க. அந்த அம்மா நம்ம தமிழ்நாட்டுலயே வருஷக்கணக்கா இருந்திருக்காங்க.

ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைச்சு, 1939 நவம்பர்ல மகன் மரியோவோட சென்னை வந்து இறங்கினார். ஐரோப்பாவுல போர் தொடங்கி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அடையாறு பிரம்மஞான சபையில் 300 பேருக்கு மேல ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தாங்க. சில மாசத்துல முடிச்சுட்டுத் திரும்பறதா ஏற்பாடு. ஆனா 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் குதிச்சது. இங்க இருந்த இத்தாலியர்கள் எல்லாம் ஒரே நாள்ல எதிரி நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க. மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைச்சாங்க. அம்மா அடையாறு வளாகத்தைத் தாண்டக்கூடாதுன்னு உத்தரவு.

இங்க இன்னொரு கதையும் இருக்கு. மரியோ கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அந்தக் காலத்துக்குப் பயந்து, வளர்க்க வேறு குடும்பத்துக்கிட்ட கொடுத்திருந்தார். பதின்ம வயசுலதான் அம்மாகிட்ட வந்து சேர்ந்தார். அப்புறமும் ஊருக்கு முன்னால "மகன்"னு வெளிப்படையா சொல்லிக்க முடியலை. 1940 ஆகஸ்ட் 31, அவரோட 70வது பிறந்தநாள். மகனையே பரிசா திருப்பி அனுப்புறோம்னு வைஸ்ராய்கிட்ட இருந்து தந்தி வந்தது. உலகத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் யோசிச்சவருக்கு, தன் பிள்ளையைப் பிள்ளைன்னு சொல்லிக்க ஒரு அரசாங்கத் தந்தி தேவைப்பட்டிருக்கு.

1942லிருந்து 1944 வரைக்கும் கொடைக்கானல் வாசம். குளிர்காலத்து ராத்திரில 10 டிகிரிக்குக் கீழ போற ஊர். அங்க பல வயசுப் பிள்ளைங்களை ஒண்ணா வச்சு, சுத்தியிருந்த செடி, இலை, பூச்சி, பிராணிகளையே பாடமாக்கினாங்க. "பிரபஞ்சக் கல்வி"ன்னு இன்னிக்கு உலகம் முழுக்கச் சொல்றது இந்த மலையில வளர்ந்ததுதான். கையெட்டும் தூரத்துல என்ன இருக்கோ, அதுதான் பாடப்பொருள்.

அப்போ நம்ம பக்கத்துக் குளிர்காலத்துக்கு என்ன ஆக்டிவிட்டி? லீவுல ரெண்டு முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

முதல்ல ஸ்வெட்டர். குளிர்நாட்டுப் பள்ளிகள்ல ஒரு வித்தை இருக்கு. முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டரை உள்பக்கம் மேலே தெரியுற மாதிரி தரையில விரிக்கணும். கழுத்துப் பக்கம் காலடியில வரணும். குனிஞ்சு ரெண்டு கையையும் உள்ள விட்டு, அப்படியே தலைக்கு மேல தூக்கிப் பின்னால போட்டா முடிஞ்சது. ரெண்டு தடவை சிக்கிக்கிட்டா. மூணாவது தடவை போட்டுட்டா. அப்புறம் கழட்டிக் கழட்டிப் போட்டதுல வேர்த்துக் கொட்டிடுச்சு.

ரெண்டாவது பனங்கிழங்கு. அவிச்ச கிழங்கு ஒண்ணைக் கையில கொடுத்தேன். தோலை உரிச்சு, ரெண்டாப் பிளந்து, நடுத்தண்டை எடுத்து, தும்பை இழுத்துப்போட்டுத் தின்னணும். செஞ்சு காட்டிட்டு நான் கையைக் கட்டிக்கிட்டேன். எங்கம்மாவுக்குத்தான் பொறுக்கலை. "ஏல, பிள்ளை கையைக் குத்திக்கிடப் போவுது, இங்க கொண்டா, நான் உரிச்சுத் தாரேன்."

அம்மாவைக் குறை சொல்லலை. அந்தப் பாசத்துலதான் நானும் வளர்ந்தேன். ஆனா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம், 17 வயசுல, ஒரு சட்டையைத் துவைக்கத் தெரியாம பக்கெட்டுக்கு முன்னால உக்காந்து கண்ணு கலங்கினது எனக்குத்தான் தெரியும். இன்ஜினியரிங் கட்டாஃப் வாங்கத் தெரிஞ்சவனுக்கு காலரை எப்படிக் கசக்கணும்னு யாரும் செஞ்சு காட்டலை.

ஒரு கிழங்கு உரிக்க அவளுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. வீடெல்லாம் தோலு. பாதியை ஆச்சிக்கு நீட்டினா. "ஆச்சி, நானே உரிச்சேன்." அம்மா ஒண்ணும் சொல்லாம வாங்கித் தின்னாங்க. தும்பு ரெண்டு பல்லுல மாட்டுச்சு போல, அதையும் சொல்லலை.

தோலைக் கூட்டி அள்ளுறது நாளைய பாடம்னு வச்சுக்கிட்டோம்.

உங்க வீட்டுல உங்களை எந்த வேலையைச் செய்ய விடாம வளர்த்தாங்க? வெக்கப்படாம பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.