புகை மணக்கும் போத்தல்

போன சனிக்கிழமை பின்னேரம் டூங்கபியில் மச்சான் வீட்டுப் பின்வளவில் ஒரு போத்தல் உடைத்தோம். லாகவூலின், 16 வருசம். மச்சானின் மகன் கிளாசை மணந்து பார்த்துவிட்டு, "மாமா, இது டெற்றோல்!" என்று திருப்பித் தந்துவிட்டான்.

அவன் சொன்னது பிழையில்லை. ஆனால் நான் இதை முதன்முதல் குடித்தபோது எனக்கு டெற்றோல் மணக்கவில்லை. வெள்ளவத்தை மணந்தது. 1983 ஆடியில் எரிந்த கடைகளில் பிறகு தண்ணீர் பட்டபோது எழும்பிய அதே மணம். அப்போது எனக்கு 22 வயது. அகதி முகாமிலிருந்து லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கியும் அந்த மணம் சேட்டிலிருந்து போகவில்லை. அன்று ஒரு மிடறோடு கிளாசை வைத்துவிட்டேன்.

திரும்பவும் எடுக்க வைத்தது சரித்திரம்தான். இந்த விஸ்கி வருவது ஸ்கொட்லாந்தின் மேற்கே உள்ள ஐலா தீவிலிருந்து. (எழுத்தைப் பார்த்து 'ஐஸ்லே' என்று வாசித்தால் சிரிப்பார்கள்.) காற்று அடித்துக்கொண்டே இருக்கும் தீவு, மரம் குறைவு. அதனால் சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் முழுதாக உக்காமல் அமுங்கிக் கறுத்த மண்ணை வெட்டி, காயவைத்து எரித்தார்கள். அதுதான் பீட். ஒரு மீற்றர் பீட் சேர ஏறக்குறைய ஆயிரம் வருசம் வேண்டும். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் காயவைக்கும்போது பீனோல் உமியில் ஒட்டிக்கொள்ளும். ஆக, புகை ருசிக்காகத் தொடங்கியதல்ல. வேறு விறகில்லாத சனத்தின் அடுப்பு அது. அம்மா பாளையும் பன்னாடையும் வைத்து எரித்த அடுப்பில் கொதித்த தண்ணீருக்கும் ஒரு புகை மணம் இருந்ததே!

பீனோலை பிபிஎம்மில் சொல்வார்கள். லாகவூலின் 35 அளவில், ஆர்ட்பெக் 55 அளவில். பெடியள் இந்த எண்ணை வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். அது மோல்ட்டில் அளந்தது, போத்தலில் அல்ல. வடிக்கும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் நிறையக் குறைந்துவிடும்.

லாகவூலினுக்கு மோல்ட் வருவது பக்கத்திலுள்ள போர்ட் எலனிலிருந்து. அங்கே 1825 இல் தொடங்கிய ஒரு வடிசாலையும் இருந்தது. எழுபதுகளில் அளவுக்கு மிஞ்சி வடித்து, பிறகு விற்க முடியாமல் போனபோது கொம்பனி பல வடிசாலைகளை மூடியது. போர்ட் எலன் மூடப்பட்ட வருசம் 1983. இதை வாசித்த அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் வருசம். மோல்ட் போடும் ஆலை மட்டும் தொடர்ந்து ஓடியது. பீப்பாய்களில் மிஞ்சிய விஸ்கி வருசத்துக்கு வருசம் விலை ஏறி, எங்களைப்போன்ற ஆட்கள் கண்ணாலும் காணாத சாமானாகிவிட்டது.

மருமகனுக்கு இரண்டாம் முறை ஒழுங்காகக் காட்டினேன். ஐஸ் வேண்டாம், ருசி விறைத்துவிடும். மூக்கை உள்ளே விடாமல், வாயைக் கொஞ்சம் திறந்தபடி மண. நாலைந்து துளி தண்ணீர் விடு. சின்ன மிடறு, நாக்கில் வைத்திரு. முதலில் புகை, பிறகு உப்பு, அதுக்குப் பின்னால் ஒரு இனிப்பு. "கருவாடு மாதிரி இருக்கு மாமா," என்றான். தேறிவிடுவான்.

போர்ட் எலன் 2024 இல் திரும்பத் திறந்தது, 41 வருசத்துக்குப் பிறகு. அன்று பீப்பாயில் ஊற்றியது 12 வருசமாக 2036 ஆகும். எனக்கு 75. டொக்டர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம்.